எஃபெட்ரே கண்ணாடிக் குச்சிகள்: எதை வாங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்

டார்ச் சுடரில் கண்ணாடியை உருக்கி மணி செய்பவர்களிடம் எந்தக் கண்ணாடி என்று கேட்டால் முதலில் வரும் பெயர் அநேகமாக எஃபெட்ரேதான். வெனிஸை ஒட்டிய முரானோவின் சரக்கு. பழைய ஆட்கள் இன்னமும் மொரெட்டி என்ற பழைய பெயரையே சொல்வார்கள். இத்தாலி, பிரான்ஸ் இரண்டின் கண்ணாடி மணிக் கலையையும் யுனெஸ்கோ 2020இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெருமை இருக்கட்டும், குச்சி எப்படி? வெள்ளை, கறுப்பு, தந்த நிறம், டர்க்காய்ஸ் ஆகியவற்றை யோசிக்காமல் வாங்கலாம். கிளியர், அதாவது நிறமில்லாத தெளிவான குச்சி, சுமார். பால் போல அரைகுறையாக ஒளி விடும் அலபாஸ்ட்ரோ வகையைக் கை பழகும் வரை தொட வேண்டாம்.

குச்சிகள் பெரும்பாலும் 5 முதல் 6 மி.மீ. கனம். முழு நீளம் ஒரு மீட்டர். தபாலில் அனுப்பும் கடைகள் மூன்றாக வெட்டி அனுப்புவார்கள். 6 மி.மீ. கனத்தில் ஒரு மீட்டர் சுமார் 70 கிராம் இருக்கும். 12 மி.மீ. உருண்டை மணி ஒன்றுக்கு 2 கிராமுக்குச் சற்று மேல், அதாவது 3 செ.மீ. குச்சி போகும். கால் கிலோ வாங்கினால் எத்தனை மணி என்று இதை வைத்துப் போட்டுக்கொள்ளலாம். நுனித் துண்டு, உடைசல் எல்லாம் போக, கணக்கில் வருவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே எதிர்பாருங்கள்.

இது மென்கண்ணாடி, சி.ஓ.இ. 104. சூட்டில் எவ்வளவு விரிகிறது, ஆறும்போது எவ்வளவு சுருங்குகிறது என்பதன் அளவு அது. சூடு தாங்கும் கடினக் கண்ணாடியான போரோசிலிகேட்டுக்கு 33, புல்ஸ்ஐ என்ற வேறு நிறுவனத்தின் கண்ணாடிக்கு 90. இவற்றில் எதையும் 104உடன் ஒரே மணியில் சேர்த்தால் ஆறும்போது ஒன்று அதிகம் சுருங்கும், மற்றது இழுத்துப் பிடிக்கும், மணி விரிசல் விடும். சில சமயம் ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டுத் தட்டில் தானாகப் பிளக்கும். எண் குறிப்பிடாமல் வரும் உள்ளூர்க் குச்சி கையில் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். அதன் நுனியையும் எஃபெட்ரே நுனியையும் பக்கம் பக்கமாக ஒட்டி உருக்கி, முறுக்காமல் 1 மி.மீ. இழையாக இழுத்து ஆறவிடுங்கள். இழை நேராக நின்றால் சேர்க்கலாம். வில்லாக வளைந்தால் அந்தக் குச்சியைத் தனி டப்பாவில் போட்டு, மேலே எழுதி ஒட்டிவிடுங்கள்.

குச்சி வந்ததும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். கீறலிலும் தூசியிலும் இருப்பதுதான் பிறகு மணிக்குள் பொடிக் குமிழியாக உட்காரும். நுனியை நேராகச் சுடருக்குள் நுழைத்தால் டப்பென்று சிதறும், துண்டு மடியில் விழும். சுடரின் வெளி விளிம்பில் குச்சியைச் சுழற்றிக்கொண்டே சூடேற்றி, மெல்ல உள்ளே கொண்டுவர வேண்டும். 8 மி.மீ. கனக் குச்சிகளும் அலபாஸ்ட்ரோவும் இதில் ரொம்பவே முரண்டு பிடிக்கும். அலபாஸ்ட்ரோவுக்குக் கூடுதல் சூடு காட்டினால் கொதித்துக் குமிழியும் விடும். வேண்டாம் என்றதற்கு இதுதான் காரணம்.

இனி நிறங்கள். எஃபெட்ரேக்குக் கொடுக்கும் காசு இதற்காகத்தான். பெயருக்குப் பின்னால் வருவது நிற எண். வெள்ளை 204 மென்மையானது, சீக்கிரம் ஓடும். கறுப்பின் மேல் வெள்ளைக் கோடு போட்டால் நினைத்ததைவிட அகலமாகப் பரவும். அதனால் இழையை 1 மி.மீட்டருக்குள் இழுத்து, சுடரின் ஓரத்தில் வைத்துப் போடுங்கள். கறுப்பு 064 உண்மையில் கறுப்பே இல்லை, மிக அடர்ந்த ஊதா. கனமாக இருக்கும்வரை தெரியாது. வெள்ளையின் மேல் மெல்லிய இழையாக ஓடினால் ஓரத்தில் ஊதா எட்டிப் பார்க்கும். நுணுக்கமான கோட்டு வேலைக்கு இன்டென்ஸ் பிளாக் என்று தனிச் சரக்கு இருக்கிறது. விலை கூடுதல், இழை இழையாகத்தான் செலவாகும் என்பதால் கட்டுப்படியாகும்.

தந்த நிறம் 264 இந்த வரிசையிலேயே சுவாரசியமான ஆள். சூடு கூடினால் பழைய எலும்பில் தெரிவது போலப் பழுப்பு வரிகள் தானாகவே ஓடும். அதில் கந்தகம் இருக்கிறது, டர்க்காய்ஸில் செம்பு. இரண்டும் தொடும் இடத்தில் ஒரு கருங்கோடு விழும், வரைந்ததுபோல. தந்த நிற உருண்டைமேல் டர்க்காய்ஸ் புள்ளி வைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் இலவசமாக ஓரக்கோடு கிடைக்கிறது. வேண்டாமென்றால் இரண்டுக்கும் நடுவே கிளியர் ஒரு சுற்றுப் போட வேண்டியதுதான். வெள்ளித் தாளைத் தந்த நிறத்தில் சுற்றி உருக்கினால் வலைபோலப் பழுப்புக் கோடுகள் படரும். இதைச் செய்யும்போது ஜன்னல் திறந்திருந்தால் மட்டும் போதாது, வெளியேற்றும் விசிறி ஓட வேண்டும்.

டர்க்காய்ஸ் 236இல் வரும் புகார்கள் பாதிக்கு மேல் கண்ணாடியின் குற்றமல்ல. சுடரில் ஆக்சிஜன் குறைந்தால் அதிலுள்ள செம்பு மேலே வந்து செங்கல் நிறத்தில் படலம் கட்டும். ஆக்சிஜன் இல்லாமல் ஒற்றை எரிவாயுவில் ஓடும் ஹாட் ஹெட் டார்ச்சில் முகப்பை ஒட்டி வேலை செய்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். மணியைச் சுடரில் சற்றுத் தள்ளிப் பிடித்தால் படலம் குறையும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆக்சிஜன் கலக்கும் டார்ச்சில், உதாரணமாக நார்டெல் மைனரில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் மென்கண்ணாடிக்குப் போதும். சுடர் மஞ்சளாக நீண்டால் வாயு அதிகம். முகப்பின் நீலக் கூம்புகள் குட்டையாகக் கூராக வரும்வரை திருப்புங்கள். படலம் லேசாக விழுந்திருந்தால் அந்தச் சுடரிலேயே திரும்பக் காட்டினால் பெரும்பாலும் தெளியும்.

சிவப்பு, ஆரஞ்சு வகைகளை அதிக நேரம் கொதிக்கவிட்டால் ஈரல் நிறத்துக்குப் போய்விடும், திரும்பி வராது. ரூபினோ ஓரோ தங்கம் கலந்த இளஞ்சிவப்பு, விலையும் அதற்கேற்ப. முழு மணியாகச் செய்வது வீண். வெள்ளைமேல் மெல்லியதாகப் போர்த்தினாலே நிறம் துள்ளும். ஒளி ஊடுருவும் அடர் கோபால்ட்டில் 10 மி.மீட்டருக்கு மேல் மணி செய்தால் கறுப்பாகத்தான் தெரியும். அதற்கும் உள்ளே வெள்ளையோ கிளியரோ வைப்பதே வழி.

கிளியர் 006 பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டும். அடித்தளத்துக்கும் இழை இழுக்கவும் நன்றாகவே இருக்கிறது. பூ வேலையின் மேல் கனமாகப் போர்த்தும்போதுதான் சாம்பல் நிறப் புகையும் பொடிக் குமிழிகளும் தெரிகின்றன. சுத்தம் செய்து, மெதுவாக, சுடரின் வெளிப்பகுதியில் உருக்கினால் பாதி தீரும். மீதிக்கு டபுள் ஹெலிக்ஸ் நிறுவனத்தின் ஈதர் போன்ற விலை கூடிய 104 கிளியரைப் போர்த்துவதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

எந்தக் கண்ணாடியானாலும் அனீலிங் செய்யாத, அதாவது சூளையில் வைத்து மெல்ல ஆறவிட்டு உள் அழுத்தத்தை எடுக்காத, மணியை விற்கக் கூடாது. மணியின் செம்மை நிழலில் பார்த்தாலும் தெரியாத அளவுக்கு ஆறியதும், அது சுற்றப்பட்ட கம்பியோடு 515 டிகிரி செல்சியஸ் சூளைக்குள் வைக்க வேண்டும். செம்மை இருக்கும்போதே வைத்தால் ஒட்டிக்கொள்ளும், கீழ்ப்பக்கம் தட்டையாகும். ரொம்பத் தாமதித்தால் வெளியிலேயே விரிசல். கடைசி மணி போன பிறகு 15 மி.மீ. வரையான மணிக்கு அரை மணி நேரம், பெரியதற்கு ஒரு மணி நேரம் அதே சூட்டில் நிறுத்தி, ஒரு மணி நேரத்துக்கு 50 டிகிரி வீதம் 425 வரை இறக்கி, பிறகு அணைத்துவிட்டு முழுக்க ஆறும்வரை கதவைத் திறக்காதீர்கள். சூட்டை மெல்ல விடும் வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளில் புதைப்பது மணியை அன்று காப்பாற்றும், உள் அழுத்தத்தை எடுக்காது; அந்த மணிகளையும் பின்னால் சூளையில் ஏற்றித்தான் ஆக வேண்டும். மணி தெளிவான கண்ணாடி என்றால், குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தாள்களுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தால் அழுத்தம் இன்னும் உள்ளே இருக்கிறது.

முதல் தடவை வாங்குபவர்கள் கலவைப் பொதியை எடுக்காதீர்கள், அதில் பாதி நிறம் தூங்கும். வெள்ளை, தந்தம், கறுப்பு, டர்க்காய்ஸ், கிளியர், இவற்றில் தலா 250 கிராம் போதும். அபூர்வ நிறங்களை நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பார்சலாக வரவழைத்துப் பிரித்துக்கொண்டால் கப்பல் கூலி தாங்கும். ஒரே எண்ணிலும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி சாயல் மாறும். புதிய தொகுதி வந்தால் ஒரு சோதனை மணி செய்து நிற எண்ணோடு படம் எடுத்துச் சக மணிக்காரர்களுக்கு அனுப்புவது பெரிய உதவி.

அவர்களிடமிருந்து மணி வாங்குவது இன்னும் பெரிய உதவி. துளையின் இரு ஓரமும் உள்பக்கமாகக் குழிந்திருக்க வேண்டும். கூராக நீட்டிக்கொண்டிருந்தால் நூலை அறுக்கும். மணி ஒட்டாமலிருக்கக் கம்பியில் பூசும் வெள்ளை மண் பூச்சு துளைக்குள் மிச்சம் இருக்கக் கூடாது. சூளையில் அனீல் செய்ததா என்று கேளுங்கள். ஒழுங்காகச் செய்பவர் இதற்குக் கோபிக்க மாட்டார். தீவிர நோயுள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் மணி கொடுக்கும் அமெரிக்காவின் பீட்ஸ் ஆஃப் கரேஜ் அமைப்பும், கலைஞர்கள் நன்கொடையாகத் தரும் மணிகளில் இதே சூளை அனீலிங்கை எதிர்பார்க்கிறது. விலை பேசும்போது மொத்தச் சந்தை மணியோடு ஒப்பிடாதீர்கள். கம்பியில் பூச்சு காய வேண்டும், ஒவ்வொரு மணியும் சுடரில் தனியாகச் சுற்ற வேண்டும், இரவெல்லாம் சூளை எரிய வேண்டும், பிறகு வைரத் துரப்பணத்தால் தண்ணீருக்குள் வைத்துத் துளை கழுவ வேண்டும். வடிவம் பிடித்திருந்தால் அதைப் படம் பிடித்துப் போய் வேறொருவரிடம் மலிவாகச் செய்யச் சொல்லாமல், செய்தவரிடமே இன்னொரு நிறத்தில் கேளுங்கள்.