கடை வகுப்பா, விளாச்சேரியா?

கோடை விடுமுறையில் மகள் கைவேலை கற்க எங்கே அனுப்பலாம் என்று இரண்டு இடங்களையும் முயன்று பார்த்தோம்.

முதலாவது, மதுரையில் எங்கள் வீட்டருகே ஒரு கைவினைப் பொருள் கடை நடத்திய இரண்டு மணி நேர வகுப்பு. ஏசி அறை, மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. ஆனால் அளப்பதையும் வெட்டுவதையும் கடைக்காரர்களே முடித்து வைத்திருந்தார்கள்; ஒட்டுவது மட்டும் பிள்ளைகள் பங்கு. எல்லாப் பிள்ளைகளும் ஒரே காகிதப் பூவோடு வெளியே வந்தார்கள். வெளியே வரும்போது அதே கடையில் பாசிமணி, ஜிகினா, பசை என்று வகுப்புக் கட்டணத்தைவிட அதிகமாகப் பணம் கரைந்தது. அதுதான் அவர்கள் வியாபாரம்.

இரண்டாவது, திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரி. கொலு பொம்மைகளுக்கும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளுக்கும் பேர்போன ஊர். வகுப்பு என்று பலகை எதுவும் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் பொம்மை செய்யும் அம்மாவிடம் கேட்டுப் பேசிக்கொண்டோம். பிசைந்த களிமண்ணை அச்சின் இரு பாதிகளிலும் விரலால் அழுத்தி, இரண்டையும் சேர்த்து, விளிம்பை ஈரத்துணியால் தடவ வேண்டும். மகள் எடுத்த முதல் பிள்ளையாருக்குத் துதிக்கை பாதி அச்சோடு தங்கிவிட்டது. “பரவாயில்லை தாயி, இன்னொரு தடவை அழுத்து” என்றார் அந்த அம்மா. நான்காவது தேறியது. அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடிக்கும். நிழலில் காய்ந்து, சூளையில் வெந்த பிறகே வண்ணம். அதனால் மறுபடியும் இரண்டு முறை போனோம்.

ஐந்து வயதுக் குழந்தைக்குக் கடையே போதும். போகும் முன், முந்தைய வகுப்புப் பிள்ளைகள் செய்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் ஒன்றுபோல இருந்தால் திருப்பரங்குன்றம் பஸ்ஸைப் பிடியுங்கள்.