கன்சல்டன்ட் கையில் போன லாட்ஜ் சாவி

கன்னியாகுமரியில் எங்களுக்கு 14 அறை லாட்ஜ் ஒன்று இருக்கிறது. அப்பா தொடங்கியது. 2024 டிசம்பர் கடைசியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்தார்கள் இல்லையா, அதற்கப்புறம் ஊருக்குள் கூட்டமோ கூட்டம். எங்கள் அறைகள் மட்டும் வார நாளில் காலியாகக் கிடக்கின்றனவே என்று எனக்கு ஒரு அரிப்பு. அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் அந்த கன்சல்டன்ட். "ஹோட்டல், டூரிசம் மட்டும்தான் சார் பண்றோம்" என்று லேப்டாப்பில் கலர் கலராக கிராஃப் காட்டினார். "மக்களே, இவரு எந்த லாட்ஜுல ராத்திரி முழிச்சிருந்தாராம்?" என்று அப்பா கேட்டதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முன்பணம் 85,000 ரூபாய். அப்புறம் மாதாமாதம் மொத்த விற்பனையில் 5 சதவீதம். லாபத்தில் அல்ல, விற்பனையில். கையெழுத்துப் போடும்போது இந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை.

1,800 ரூபாய் அறையை புக்கிங் தளத்தில் ஆஃபர் போட்டு 990க்குத் தள்ளினார். தளத்தின் கமிஷன் 18 சதவீதம் போனால் 812. இவர் பங்கு சுமார் 50. கைக்கு வருவது 762 ரூபாய். அதில்தான் ஏசி கரன்ட், சலவை, ரூம் பாய் சம்பளம் எல்லாம். அறை நிறைந்தது, கல்லா நிறையவில்லை. அவருக்கென்ன, எந்த விலைக்குப் போனாலும் பங்கு வந்துவிடுகிறதே! ஆஃபரைக் குறையுங்கள் என்றால், "ரேங்கிங் போயிடும் சார்" என்பார்.

வெப்சைட்டில் சன்ரைஸ் வியூ என்று வேறு ஏதோ ஹோட்டலின் பால்கனிப் படம். எங்கள் மொட்டை மாடியில் ஏறி எட்டிப் பார்த்தால்தான் கடல் தெரியும். புனேயிலிருந்து வந்த ஒரு அம்மா விடிகாலை 5 மணிக்கு ஜன்னலைத் திறந்து, எதிரே இருந்த சுவரைக் காட்டி "சமுந்தர்?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? மாடிக்குக் கூட்டிப் போய் நாற்காலி போட்டுக் கொடுத்தேன்.

பில் போடும் சாஃப்ட்வேரும் அவர் தந்ததுதான். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அந்த சாஃப்ட்வேர் அக்டோபரிலும் 12 போட்டுக்கொண்டிருந்தது. தங்க வந்தவர் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

உண்மையான கூத்து கார்த்திகை மாதத்தில். சேனல் மேனேஜர் என்று ஒன்றுக்குத் தனியாகக் காசு வாங்கியிருந்தார். ஒரு தளத்தில் அறை போனால் மற்ற தளங்களிலும் தானாகக் குறைய வேண்டும், அதுதான் அதன் வேலை. அதிகாலை 3:40க்கு ரிசப்ஷனிலிருந்து போன். "அண்ணே, ரெண்டு பார்ட்டி நிக்காங்க. ரெண்டு பேர்ட்டயும் அதே நாலு ரூம் சிலிப் இருக்கு." போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் மலையிலிருந்து திரும்பிய ஆந்திர சாமிமார் 12 பேர், கையில் அரவணை டின்கள். இன்னொரு பக்கம் திருப்பூர்க் குடும்பம், சோபாவில் சுருண்டு படுத்திருந்த ஒரு பாட்டி. கன்சல்டன்ட் போன் ஸ்விட்ச் ஆஃப். சீசனில் பக்கத்து லாட்ஜ்களில் இடம் ஏது? கடைசியில் குருசாமிதான், "சாமி, பாட்டிக்கு ரூம் கொடுங்க, நாங்க ஹால்லயே படுத்துக்கறோம்" என்றார். சாமிமாரை எங்கள் வீட்டு மாடியில் படுக்க வைத்தோம். மறுநாள் விசாரித்தால், சேனல் மேனேஜர் என்று எதுவுமே இல்லை. அவர் ஆபீஸில் ஒரு பையன் ஒவ்வொரு தளமாகத் திறந்து கையால் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். ராத்திரி அவனும் தூங்க வேண்டாமா?

சரி, போதும் என்று நிறுத்தச் சொன்னேன். அப்போதுதான் தெரிந்தது, வெப்சைட் பெயரை அவர் கம்பெனி பெயரில் பதிந்திருக்கிறார். கூகுள் மேப்பில் எங்கள் லாட்ஜுக்கு ஓனர் அவருடைய மெயில். திருப்பித் தர 40,000 ரூபாய் கேட்டார். கூகுளில் உரிமை கேட்டு விண்ணப்பித்து, 3 நாள் காத்திருந்து, போர்டையும் ரிசப்ஷனையும் வீடியோ எடுத்து அனுப்பி மீட்டுவிட்டேன். வெப்சைட் பெயர் போனது போனதுதான். புதுப் பெயர் வாங்க ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை, இந்த முறை என் பெயரில், என் மெயிலில். அவர் எங்களுக்குத் தந்த பழைய பில்களில் இருந்த ஜிஎஸ்டி எண்ணையும் அரசு போர்ட்டலில் போட்டுப் பார்த்தேன். அது வேறு யாருடையதோ. பணம் கட்டும் முன்பே இதை ஒரு நிமிடத்தில் பார்த்திருக்கலாம்.

போன வாரம்கூட ஒரு குடும்பம் அந்தப் பழைய வெப்சைட்டில் இருந்த நம்பருக்கு 500 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பிவிட்டு வந்து நின்றது. சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போட்டுச் சொல்லச் சொன்னேன். வாடகையில் 500 ரூபாயைக் கழித்துக்கொண்டு அறை கொடுத்தார் அப்பா.