ஃபவுண்டரியில் விக்கி: ஆறு வருஷம் ஓட்டிய பிறகு

கோவையில் பம்ப் உதிரிகளுக்கு வார்ப்பு எடுக்கும் ஃபவுண்டரி ஒன்றில் தரப் பிரிவில் இருக்கிறேன். பழைய ஆட்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற ஆரம்பித்ததும், அவர்களுக்குத் தெரிந்ததை எங்காவது எழுதி வைக்க வேண்டுமே என்ற பயம் வந்தது. சும்மா கிடந்த ஒரு கம்ப்யூட்டரில் மீடியாவிக்கியை ஏற்றினோம். விக்கிப்பீடியா ஓடும் அதே மென்பொருள்தான், இலவசம்.

முதல் வருஷம் வீண். அலமாரியில் இருந்த ஃபைலையெல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றினோம். ஸ்கேன் என்பது வெறும் படம். தேடினால் உள்ளே இருப்பது அகப்படாது. தூசி தட்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான் லாபம். அப்புறம் மேலிடத்து உத்தரவு: ஆளுக்கு மாதம் இரண்டு பக்கம், அப்ரைசலில் சேரும். பக்கங்கள் மளமளவென்று வந்தன. ஹெல்மெட் போடுவதன் அவசியம் பற்றி மட்டும் நான்கு.

ஜெராக்ஸ் நிறுவனம் 1990களில் தன் காப்பியர் மெக்கானிக்குகளுக்கு யுரேகா என்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. மேனுவலில் இல்லாத பழுது வைத்தியத்தை அவர்களே எழுதுவார்கள், சக மெக்கானிக்குகள் சரிபார்ப்பார்கள், எழுதியவர் பெயரோடு எல்லோருக்கும் போகும். இதைப் படித்த பிறகுதான் மாதக் கணக்குக் கேட்பதை விட்டோம். இப்போது காஸ்டிங் ரிஜெக்ட் ஆனால், காரணத்தைப் பிடித்தவர் அன்றைக்கே சொல்கிறார், நான் டைப் அடிக்கிறேன், கீழே அவர் பெயர். ஆள் காட்டித் தரும் வேலையாகிவிடக் கூடாதென்று, தப்பு செய்தவர் பெயரைப் போடுவதில்லை.

தேடல்தான் ரொம்ப நாள் உயிரை வாங்கியது. வார்ப்புக்குள் காற்று அடைபட்டு விழும் ஓட்டையை நான் ‘ப்ளோஹோல்’ என்று எழுதியிருப்பேன். ஒருவர் ‘புளோ ஓல்’ என்று தேடுவார், இன்னொருவர் ‘காத்து ஓட்டை’ என்பார். இரண்டு பேருக்கும் ஒன்றும் வராது. விக்கியில் எதுவுமே இல்லை என்று டீக்கடையில் பேச்சாகிவிடும். யார் எந்தச் சொல்லில் தேடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும், சரியான பக்கத்துக்கே கொண்டுபோய் விடும் வழிமாற்றுப் பக்கம் போட்டேன். எழுத்துப் பிழைகளுக்கும் சேர்த்துத்தான். விக்கிக்கு உயிர் வந்தது அதில்தான் என்பேன்.

பெரிய அடி மூன்றாம் வருஷம். கோர் (வார்ப்புக்குள் வெற்றிடம் விழ அச்சுக்குள் வைக்கும் மணல் கட்டி) செய்யும் மணலில் கலக்கும் ரெசின் என்ற பசையின் அளவைக் கூட்டி மாதக்கணக்காகியும் பக்கத்தில் பழைய எண்ணே இருந்தது. புதுப் பையன் அதை நம்பிக் கலந்தான். ஒரு ஷிப்ட் கோர் முழுக்கக் கையோடு உதிர்ந்தது. அவனைத் திட்டி என்ன பயன்? இப்போது ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பொறுப்பாளர் பெயர், கடைசியாகச் சரிபார்த்த தேதி. ஆறு மாதம் தாண்டினால் பட்டை சிவப்பாகும்படி ஒரு வார்ப்புரு செய்தேன். (டெம்ப்ளேட்டுக்குத் தமிழ் விக்கியில் அதுதான் பெயர். எங்கள் ஃபவுண்டரியில் இதைச் சொன்னால் அச்சுப்பெட்டி எங்கே என்று கேட்கிறார்கள்.)

இவ்வளவுக்கும் மசியாதது அச்சு எடுக்கும் மணலின் பதம். மோல்டிங் மேஸ்திரி ஒரு பிடி அள்ளி இறுக்குவார். விரல் தடம் அப்படியே பதிந்திருக்க வேண்டும். இரண்டாக ஒடித்தால் ஓரம் உதிராமல் ஒடிய வேண்டும், உள்ளங்கையில் ஒட்டவும் கூடாது. இதையெல்லாம் எழுதினேன், வீடியோவும் எடுத்தேன். அவருக்குப் போட்டுக் காட்டியபோது, “படம் நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. ஆனா கையில புடிச்சுப் பாக்கோணுமுல்ல?” என்றார். மழைக்காலத்தில் அவர் பிடி வேறு மாதிரி தீர்ப்புச் சொல்லும், ஏனென்று அவருக்கே சொல்ல வராது.

மற்றபடி, ஃபோனில் தொகுப்பது இன்னும் கஷ்டம்தான். பேக்கப் தினம் எடுங்கள். நாங்கள் ஒருமுறை ஹார்ட் டிஸ்க் போய்ப் பட்டுவிட்டோம். உங்களிடத்தில் வைக்கலாமா என்று கேட்டால், டைப் அடிக்கவும் சிவப்புப் பட்டைகளைத் துரத்தவும் ஓர் ஆளுக்கு வாரம் அரைநாள் ஒதுக்க முடிந்தால் வையுங்கள், முடியாவிட்டால் வேண்டாம்.

மேஸ்திரி ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம். அந்த ரெசின் பையனைக் காலை ஷிப்டில் அவர் பக்கத்திலேயே போட்டிருக்கிறோம். மணல் பக்கத்தின் கடைசி வரி இப்போதைக்கு இதுதான்: ‘சந்தேகம் இருந்தால் மேஸ்திரியைக் கூப்பிடவும்.’