வளவில் முளைத்தது என்ன? லென்ஸா, பிளான்ட்நெட்டா, பக்கத்து வீட்டுப் பெத்தாவா

மாரி மழை ஓய்ந்து கொஞ்சம் வெயில் காட்டினால் போதும், மட்டக்களப்பு, கல்லடி மணலிலும் பெயர் தெரியாத பச்சையெல்லாம் தலை நீட்டும். கோரை, தும்பை, நாயுருவி, தொட்டாச்சுருங்கி என்றால் யாரையும் கேட்கத் தேவையில்லை. வாழையடியில் கொட்டிய குப்பையிலிருந்து எழும்பும் பப்பாசியும் பூசணியும் அப்படித்தான். பார்வைக்குக் கீரை மாதிரி இருக்கும், பிடுங்கவும் மனம் வராது, சமைக்கவும் பயம் என்கிற கன்றுகளோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். அவற்றுக்குக் கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட் செயலி, பக்கத்து வீட்டுப் பெத்தா (பாட்டி), விவசாயப் போதனாசிரியர் என்று நாலு வழி இருக்கிறது. நான் பிளான்ட்நெட் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லென்ஸ் பெரும்பாலான அன்ட்ராய்ட் போன்களில் ஏற்கெனவே இருக்கிறது, கைக்குச் சுலபம். நாம் எடுத்த படத்துக்கு ஒத்த படங்களை இணையத்தில் தேடி முன்னால் வைக்கும். பூத்து நிற்கும் செவ்வரத்தைக்கும் நித்தியகல்யாணிக்கும் அது போதும். இரண்டு இலை விட்ட கன்றுக்கு, நாற்றுமேடைக்காரர் விற்கும் அலங்காரச் செடியின் படத்தையும் தயங்காமல் நீட்டும்.

பிளான்ட்நெட் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து செய்தது, 2013 முதல் போனில் கிடைக்கிறது, காசு இல்லை. இலை, பூ, காய், பட்டை எனச் செடியின் எந்தப் பாகம் என்று குறித்து ஒன்றுக்கு மேற்பட்ட படங்களை ஒரே கேள்வியில் சேர்க்கலாம். ஆனால் நான் இதில் நின்றதற்குக் காரணம் அதுவல்ல. தனக்கு எவ்வளவு சந்தேகம் என்பதை இது காட்டுகிறது. ஒரே ஒரு பெயரை அடித்துச் சொல்லாமல், இதுவாக இருக்க நூற்றுக்கு இத்தனை, அதுவாக இருக்க இத்தனை என்று வரிசை போடும். முதல் பெயருக்கே இருபது, இருபத்தைந்துதான் வந்தால், செடி இன்னும் பிஞ்சு, பொறு என்று அர்த்தம். பக்கத்தில் ஒரு ஈர்க்கிலைக் குத்திவிட்டு மொட்டு வரும்வரை விட்டுவிடுவேன். களை விதை கொட்டுவதற்கு முன் பிடுங்கினால் போதும். மொட்டுக்கும் விதைக்கும் நடுவில் அதற்கு நேரம் இருக்கும்.

எங்கள் கிணற்றடி வாய்க்காலில் முளைத்த பொன்னாங்காணியை எடுத்துக்கொள்ளுங்கள். இலையை மட்டும் காட்டியபோது லென்ஸ் உடனே பொன்னாங்காணி என்றது. பிளான்ட்நெட் இரண்டு பெயரை ஏறக்குறைய சமமாக வைத்தது: அல்டர்நாந்திரா செசிலிஸ், அல்டர்நாந்திரா பிலொக்சராய்டிஸ். முதலாவது நாம் சுண்டிச் சாப்பிடும் கீரை. இரண்டாவது தென்னமெரிக்காவிலிருந்து உலகமெல்லாம் பரவிய நீர்க்களை; முதலைக்களை என்பார்கள், வாய்க்காலையே மூடிவிடும். ஆஸ்திரேலியாவுக்குப் போன நம் இலங்கைக் குடும்பங்கள் 1990களில் இதைத்தான் பொன்னாங்காணி என்று நம்பி வீட்டுத் தோட்டங்களில் வளர்த்து, அந்த அரசுக்குப் பெரிய தலையிடியாகிப் போனது. நல்ல கண்ணுள்ள ஆட்களே ஏமாறும் சோடி இது. இலையை எத்தனை கோணத்தில் படம் பிடித்தாலும் சந்தேகம் தீராது. பூ வந்தால் தீரும். பொன்னாங்காணியின் வெள்ளைப் பூக்கொத்து காம்பில்லாமல் இலைக்கக்கத்திலேயே பொத்தான்போல ஒட்டியிருக்கும். முதலைக்களையில் அது நீண்ட காம்பின் நுனியில் நிற்கும், தண்டும் உள்ளே கோறையாக இருக்கும். எங்களுடையது ஒட்டிய பூ. சுண்டியாயிற்று.

பெத்தாவைத் தள்ளிவைக்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். போன் செய்யாததை அவர் செய்வார்: கிள்ளுவார், கசக்கி மணப்பார், வேரோடு இழுத்துப் பார்ப்பார். கீழ்க்காய்நெல்லி என்று நான் கொண்டுபோனதைக் கிள்ளி, வந்த பாலைக் காட்டி, “இது அம்மான் பச்சரிசி மனே, நெல்லியில பால் வராது” என்று அங்கேயே தீர்த்தார். குப்பைமேனியா என்று தெரிய அவரிடம் இன்னொரு வழியும் உண்டு: வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து உருளும். (எங்கள் வீட்டுப் பூனை உருண்டது.) ஆனால் அவர் அறிந்ததெல்லாம் அவர் சின்ன வயதில் இருந்த செடிகள். பார்த்தீனியம் மாதிரிப் பிறகு வந்தவற்றில் தடுமாறுகிறார். அது பிஞ்சில் கரட் இலைபோலத் தரையோடு விரிந்து அழகாகத்தான் இருக்கும். வெறுங்கையால் பிடுங்கினால் சிலருக்குத் தோல் வெடித்துச் சொறி வரும், மகரந்தம் மூச்சுக்கும் ஆகாது. இன்னொன்று, பெத்தா “தெரியா” என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

விவசாயப் போதனாசிரியரைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. கமநல சேவை நிலையத்தில் விசாரித்தால் பிடிக்கலாம், விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைக்கலாம். வயல் நிறையப் பன்றிநெல் என்ற களைநெல் என்றால் போக வேண்டிய இடம் அதுதான். பூச்சாடியோரம் முளைத்த ஒற்றைக் கன்றுக்காக நான் போய்ப் பார்த்ததில்லை.

படம் எடுக்கும்போது ஒரு இலைக்குப் பின்னால் வெள்ளைக் கடதாசியைப் பிடியுங்கள். பத்துச் செடி சேர்ந்த படத்தில் எந்தச் செயலியும் குழம்பும். இலையின் அடிப்பக்கத்தையும் எடுங்கள். கீழ்க்காய்நெல்லியின் காய் அங்கேதான் தொங்கும். செயலி தொண்ணூறு சொன்னாலும், அதை மட்டும் நம்பி எதையும் வாயில் வைக்க மாட்டேன். கீரை என்றால் பெத்தாவின் கைக்கும் ஒருமுறை போய்த்தான் அடுப்புக்கு வரும்.

புல் வகைகளில் மட்டும் எனக்கு இரண்டு செயலிகளுமே உதவவில்லை. கதிர் வராத புல்லுக்குப் பிளான்ட்நெட் தரும் எண்கள் ஒற்றை இலக்கத்தில் கிடக்கும், பெத்தாவும் “புல்லுத்தான்கா” என்று முடித்துவிடுவார். அதைப் பெயர் கேட்காமலே பிடுங்கி ஆட்டுக்குப் போடுகிறோம்.