பிரிட்டன் வாக்காளரின் மனதை அளக்க நான்கு வழிகள்: எதை எப்போது நம்பலாம்?

பிரிட்டன் அரசியலைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் பழகிப்போன ஒன்று. ஓர் அமைச்சரின் முறைகேடு அம்பலமாகிறது. சில நாள்களில் ஆளுங்கட்சியின் ஆதரவு சரிந்துவிட்டதாகக் கருத்துக்கணிப்பு வருகிறது. அடுத்து நடக்கும் இடைத்தேர்தலில் அதே கட்சி எப்படியோ தப்பித்துக்கொள்கிறது. இதற்கிடையே இன்னொரு நிறுவனம் தொகுதிவாரியாக வரைபடம் போட்டு, அந்தக் கட்சி துடைத்தெறியப்படும் என்கிறது. எல்லாமே அதே வாக்காளரைப் பற்றிய கணக்குகள்தாம் என்றாலும், அவை பதில் சொல்லும் கேள்விகள் வேறு. ஒரு முறைகேடு கட்சிக்கு எவ்வளவு நட்டம் என்பது ஒரு கேள்வி. அடுத்து ஆட்சி யார் கையில் என்பது இன்னொன்று. தேசிய வாக்கு விகிதக் கணிப்பு, எம்.ஆர்.பி. என்னும் தொகுதிவாரிக் கணிப்பு, இடைத்தேர்தல், எக்ஸிட் போல் ஆகிய நான்கையும் இந்த இரு கேள்விகளின் முன் நிறுத்திப் பார்ப்பதே இந்த அலசலின் நோக்கம்.

தலைப்புச் செய்திகளில் அதிகம் அடிபடுவது முதல் வகை. ஆயிரம் முதல் இரண்டாயிரம் பேரிடம், இப்போது பெரும்பாலும் இணையவழியில், யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டு, வயது, கல்வி, வட்டாரம், கடந்த தேர்தலில் அளித்த வாக்கு ஆகியவற்றுக்கேற்ப விடைகளைச் சரிக்கட்டி வெளியிடுகிறார்கள். செலவு குறைவு என்பதால் வாரந்தோறும் எடுக்க முடிகிறது. இதன் உண்மையான பலமும் அதுவே. 2021 நவம்பர் இறுதியில், ஊரடங்குக் காலத்தில் பிரதமர் இல்லத்தில் நடந்த விருந்துகளைப் பற்றிய செய்தி வெளியானபோது, காற்று திசை மாறியதை இந்தக் கணிப்புகள் சில வாரங்களுக்குள் பிடித்துவிட்டன. அவற்றின் சராசரியில், அப்போது ஆண்டுகொண்டிருந்த கன்சர்வேட்டிவ் கட்சி அதன்பின் 2024 பொதுத்தேர்தல் வரை முன்னிலைக்குத் திரும்பவே இல்லை.

திசையைச் சொல்லும் இந்தக் கருவி அளவைச் சொல்லும்போதுதான் தடுமாறுகிறது. 1992இல் இரு பெரிய கட்சிகளும் ஏறத்தாழச் சமநிலையில் இருப்பதாகக் காட்டியது. கன்சர்வேட்டிவ் தலைவர் ஜான் மேஜர் ஏழு சதவீதப் புள்ளிகளுக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். 2015இலும் அதே கதைதான்: சமநிலை என்றார்கள், அதே கட்சியின் டேவிட் கேமரன் ஆறு புள்ளிகளுக்கு மேல் முந்தினார். பேராசிரியர் பாட்ரிக் ஸ்டர்கிஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, மக்கள் பொய் சொன்னதைவிட, கேட்கப்பட்டவர்களின் தேர்விலேயே பிழை இருந்தது என்று முடிவு செய்தது. அரசியலில் ஆர்வமுள்ளவர்களே கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்கிறார்கள். ஆர்வமில்லாத இளைஞரும் எழுபதைக் கடந்த முதியவரும் வலையில் போதிய அளவு சிக்குவதில்லை. 2024இல் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னதால் பிழை பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் தொழிற்கட்சிக்கு 39 சதவீதத்தை ஒட்டிக் கணித்திருந்த இடத்தில் உண்மையில் கிடைத்தது 33.7 சதவீதம். (கணிப்புத் துறையும் முறைகேட்டுச் செய்திகளும் ஒரே ஆளிடம் சந்தித்ததும் உண்டு. யூகவ் நிறுவனத்தின் இணை நிறுவனரான நதீம் ஸஹாவி பின்னாளில் நிதியமைச்சராகவும் கன்சர்வேட்டிவ் கட்சியின் அமைப்புத் தலைவராகவும் (சேர்மன்) உயர்ந்து, வரி விவகாரத்தில் அமைச்சர்களுக்கான நடத்தை விதிகளை மீறியதற்காக 2023 ஜனவரியில் பதவி நீக்கப்பட்டார்.)

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் வாக்கு விகிதம் இடங்களாக மாறும் கணக்கு நேர்கோட்டில் போவதே இல்லை. 2017இல் ஜெரமி கோர்பினின் தொழிற்கட்சி 40 சதவீத வாக்குகளுடன் 262 இடங்களைப் பெற்றுத் தோற்றது. 2024இல் கியர் ஸ்டார்மரின் தொழிற்கட்சி 33.7 சதவீதத்துடன் 411 இடங்களை அள்ளியது. எதிரணி வாக்குகள் கன்சர்வேட்டிவ், வலதுசாரிக் கட்சியான ரிஃபார்ம் யுகே என இரண்டாகப் பிளந்ததே முக்கியக் காரணம். ஆகவே, ஒரு கட்சிக்கு 34 சதவீதம் என்று மட்டும் சொன்னால், அது ஆட்சிக்கு வருமா என்பதைப் பற்றி நமக்குப் பெரிதாக எதுவும் தெரிந்துவிடாது.

எம்.ஆர்.பி. இந்த ஓட்டையை அடைக்க வந்த முறை. பல்லாயிரம் பேரிடம் கேட்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தொகுதிக்கும் தனியாகக் கேட்பதில்லை. கல்லூரிப் படிப்பில்லாத, சொந்த வீடுள்ள, ஐம்பது வயதுடைய, பிரெக்ஸிட்டை ஆதரித்த ஓர் ஆண் எந்தப் பக்கம் சாய்வார் என்று, இப்படிப்பட்ட ஒவ்வொரு வகை மனிதருக்கும் நாடு முழுவதிலிருந்தும் வந்த விடைகளைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். பிறகு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒரு தொகுதியில் அந்த வகையினர் எத்தனை பேர் என்று பார்த்துப் பெருக்கிக் கூட்டுகிறார்கள். யூகவ் 2017இல் இதை வைத்து, எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காது என்று சொன்னபோது ஆளுங்கட்சியின் ஆலோசகர்கள் நகைத்தார்கள். காலங்காலமாகக் கன்சர்வேட்டிவ் கோட்டையாக இருந்த கேன்டர்பரியில் தொழிற்கட்சி வெல்லும் என்றும் அதே கணிப்பு சொன்னது. 187 வாக்குகளில் வென்றது.

அன்று முதல் எம்.ஆர்.பி.க்கு ஒரு மந்திரக்கோல் மரியாதை வந்துவிட்டது. அது அளவுக்கு மீறிய மரியாதை என்பது என் கருத்து. 2019இல் அதே நிறுவனம் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 339 இடங்கள் என்றது, கிடைத்தவை 365. 2024இல் இறுதிக் கணிப்பாக யூகவ் அக்கட்சிக்கு 102 இடங்கள் என்றும், சர்வேஷன் 64 இடங்கள் என்றும் கூறின, வென்றவை 121. ஒரே முறை, ஒரே வாரம், இரு நிறுவனங்களுக்கு இடையே 38 இடங்கள் வேறுபாடு! மாதிரியைக் கட்டுபவர் எடுக்கும் சிறுசிறு முடிவுகள், குறிப்பாக இன்னும் முடிவெடுக்காதவர்களை எந்தப் பெட்டியில் போடுவது என்பது, விடையை இந்த அளவு இழுத்துவிடும்.

உள்ளூர்க் கதை உள்ள தொகுதியிலும் இந்த முறை திணறும். அதற்கு லெஸ்டர் நகரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. லெஸ்டர் கிழக்கில் தொழிற்கட்சியின் முன்னாள் உறுப்பினர்கள் இருவர், கட்சிக்கு எதிராகவே 2024இல் களமிறங்கினார்கள்: 2019இல் நாடாளுமன்றக் கீழவையான காமன்ஸ் அவையிலிருந்து ஆறு மாதம் இடைநீக்கம் செய்யப்பட்ட கீத் வாஸ் ஒருவர், துன்புறுத்தல் வழக்கில் தண்டிக்கப்பட்டுக் கட்சியிலிருந்து விலக்கப்பட்ட கிளாடியா வெப் மற்றவர். வாக்குகள் சிதறின. நாடு முழுவதும் கன்சர்வேட்டிவ் கட்சி தொகுதிகளைப் பறிகொடுத்த அந்த இரவில், அது புதிதாகக் கைப்பற்றிய ஒரே தொகுதி லெஸ்டர் கிழக்கு. பக்கத்திலிருக்கும் லெஸ்டர் தெற்கில், அமைச்சராவது உறுதி என்று எல்லோரும் நினைத்திருந்த ஜோனதன் ஆஷ்வொர்த், காஸாவை முன்வைத்துப் போட்டியிட்ட சுயேச்சையிடம் 979 வாக்குகளில் தோற்றார். வகைவகையாக மனிதர்களைப் பிரித்துக் கூட்டும் கணக்குக்கு, ஒரு தெருவின் கோபம் எளிதில் அகப்படுவதில்லை.

அந்தக் கோபத்தை நேரடியாக அளப்பது இடைத்தேர்தல். பல இடைத்தேர்தல்கள் முறைகேட்டின் விளைவாகவே வருகின்றன என்பதால், முதல் கேள்விக்கு இதைவிட நெருக்கமான அளவுகோல் வேறில்லை. கன்சர்வேட்டிவ் எம்.பி. ஓவன் பாட்டர்சனின் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். பணம் பெற்றுக்கொண்டு நிறுவனங்களுக்காகப் பரிந்து பேசினார் என்று கண்டறியப்பட்டு, அவரை 30 நாள் இடைநீக்கம் செய்யப் பரிந்துரை வந்தது. 2021 நவம்பர் 3 அன்று, அவரைக் காப்பாற்றுவதற்காக விசாரணை முறையையே மாற்றும் திருத்தத்தைப் போரிஸ் ஜான்சன் அரசு 250க்கு 232 என்ற கணக்கில் நிறைவேற்றியது. எதிர்ப்பு வெடித்ததும் மறுநாளே பின்வாங்கியது. பாட்டர்சன் பதவி விலகினார். ஏறத்தாழ 23,000 வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றிருந்த வட ஷ்ராப்ஷயரில், டிசம்பர் 16 அன்று லிபரல் டெமாக்ரட் கட்சி 5,925 வாக்குகள் முந்தி வென்றது.

அந்த முடிவில் வெற்றி எண்ணைவிட முக்கியமான எண் வேறொன்று. 2019இல் 22 சதவீதத்துடன் இரண்டாம் இடத்தில் இருந்தது தொழிற்கட்சி. இடைத்தேர்தலில் அது பத்து சதவீதத்துக்கும் கீழே போனது. அதன் ஆதரவாளர்கள் யாரும் சொல்லாமலே, கன்சர்வேட்டிவ் வேட்பாளரைத் தோற்கடிக்க வாய்ப்புள்ளவர் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். எந்தத் தேசியக் கணிப்பும் இந்த நகர்வை இவ்வளவு துலக்கமாகக் காட்டியிருக்க முடியாது; 2024இல் லிபரல் டெமாக்ரட்டுகள் 12 சதவீத வாக்குகளை வைத்துக்கொண்டு 72 இடங்களைப் பெற்றதன் முன்னோட்டம் அங்கேயே கிடைத்துவிட்டது. அவையில் அமர்ந்தபடி ஆபாசப் படம் பார்த்ததை ஒப்புக்கொண்டு கன்சர்வேட்டிவ் எம்.பி. நீல் பாரிஷ் விலகிய டிவர்ட்டன்–ஹோனிட்டன் தொகுதியிலும், 2022 ஜூனில், 24,000க்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசம் கரைந்து லிபரல் டெமாக்ரட் வென்றது.

2015ஆம் ஆண்டின் திரும்ப அழைக்கும் சட்டம் இந்த அளவுகோலை இன்னும் கூர்மையாக்கியிருக்கிறது. ஓர் உறுப்பினர் பத்து அமர்வு நாள்களோ அதற்கு மேலோ இடைநீக்கம் பெற்றால், ஆறு வாரங்களுக்குள் தொகுதி வாக்காளர்களில் பத்து சதவீதத்தினர் கையெழுத்திட்டு அவரது இடத்தைக் காலியாக்கலாம். 2018இல் வட ஆன்ட்ரிமில் இயன் பெய்ஸ்லி மீது 9.4 சதவீதத்தினரே கையெழுத்திட்டதால் அவர் தப்பினார். வெலிங்பரோவில் கன்சர்வேட்டிவ் கட்சியில் வென்றிருந்த பீட்டர் போன் பதவியை இழந்தார். அவரே போட்டியிடாமல் அவரது துணைவியைக் கட்சி வேட்பாளராக நிறுத்தியபோது, 2024 பிப்ரவரியில், 18,000க்கு மேற்பட்ட முன்னிலையைத் துடைத்துவிட்டுத் தொழிற்கட்சி வென்றது.

ஆனால் இடைத்தேர்தலைத் தேசத்துக்குப் பொதுவாக்கிப் படிப்பது ஆபத்து. விருந்து விவகார விசாரணைக் குழுவின் அறிக்கைக்கு முன்பே ஜான்சன் விலகியதால் காலியான அக்ஸ்பிரிட்ஜ் தொகுதியை, 2023 ஜூலை 20 அன்று கன்சர்வேட்டிவ் கட்சி 495 வாக்குகளில் தக்கவைத்தது. லண்டனின் பழைய வாகனங்களுக்கான கட்டண வலயம் புறநகருக்கு விரிவதை எதிர்த்த வாக்குகள் அவை. அதே நாளில் செல்பியில் தொழிற்கட்சி 20,000க்கு மேற்பட்ட வித்தியாசத்தை முறியடித்தது. ஆயினும் ரிஷி சுனக் தரப்பு படித்துக்கொண்டது அக்ஸ்பிரிட்ஜை மட்டுமே. செப்டம்பரில், பெட்ரோல் கார் விற்பனைத் தடையை 2030இலிருந்து 2035க்குத் தள்ளிவைத்தார்கள். அடுத்த ஆண்டு பொதுத்தேர்தலில் அக்ஸ்பிரிட்ஜும் கைநழுவியது. 2025 மே மாதம் ரன்கார்ன்–ஹெல்ஸ்பியில் நடந்ததையும் இங்கே சேர்க்க வேண்டும். தொகுதிவாசி ஒருவரைத் தாக்கிய வழக்கில் தண்டிக்கப்பட்டுத் தொழிற்கட்சி உறுப்பினர் விலகிய இடம் அது. மறு எண்ணிக்கைக்குப் பிறகு ரிஃபார்ம் யுகே ஆறு வாக்குகளில் வென்றது. நான்கு பேர் மனம் மாறியிருந்தால் தலைப்புச் செய்தியே தலைகீழாகியிருக்கும்; தொழிற்கட்சியின் 14,000க்கு மேற்பட்ட முன்னிலை கரைந்தது என்ற உண்மையோ இம்மியும் மாறியிருக்காது.

சூதாட்டச் சந்தையை ஐந்தாவது அளவுகோலாகச் சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பு இரவில், ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதே வெல்லும் என்று நம்பி அது தோற்ற விதம் போதும். 2024 தேர்தல் தேதி அறிவிக்கப்படுவதற்கு முன் ஜூலைத் தேர்தலுக்கு 100 பவுண்டு பந்தயம் கட்டியவர் பிரதமருக்கு நெருக்கமான எம்.பி. என்பது தெரிந்த பிறகு, அந்தச் சந்தையின் ‘ஞானம்’ எங்கிருந்து வருகிறது என்பதையும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எஞ்சியிருப்பது எக்ஸிட் போல். துல்லியத்தில் மற்ற மூன்றும் இதன் அருகில் வர முடியாது. எப்படி வாக்களிப்பீர்கள் என்று கேட்காமல், வாக்களித்துவிட்டு வெளியே வருபவரிடம் அசல் வாக்குச்சீட்டைப் போன்ற ஒரு தாளைக் கொடுத்து, உள்ளே செய்ததையே மறுபடி செய்து பெட்டியில் போடச் சொல்கிறார்கள். வாய்திறந்து சொல்லக் கூச்சப்படுபவரும் சீட்டைப் போட்டுவிடுகிறார். சுமார் 130 வாக்குச்சாவடிகள். முடிந்தவரை சென்ற தேர்தலில் நின்ற அதே சாவடிகள். ஆகவே அரசியல் பேராசிரியர் ஜான் கர்ட்டிஸ் தலைமையிலான குழு அளப்பது ஆதரவின் அளவைவிட, அதே இடத்தில் நேர்ந்த மாற்றத்தைத்தான். 2015இல் லிபரல் டெமாக்ரட்டுகளுக்குப் பத்து இடங்கள்தாம் என்று இது சொன்னபோது, அது சரியானால் என் தொப்பியைத் தின்கிறேன் என்றார் அக்கட்சியின் முன்னாள் தலைவர் பாடி ஆஷ்டவுன், கிடைத்தவை எட்டே. 2024இல் தொழிற்கட்சிக்கு 410 என்று சொன்னது, 411 வந்தது. சிறு கட்சிகளிடம் இதுவும் சறுக்கும்: ரிஃபார்ம் யுகேக்கு 13 என்றது, கிடைத்தவை ஐந்து. வாக்குப்பதிவு முடியும் இரவு 10 மணிக்கு முன் வெளியிடச் சட்டம் அனுமதிக்காது என்பதால், இதை வைத்து யாரும் எதையும் திட்டமிடவும் முடியாது.

ஆக, முறைகேட்டின் விலையை அறிய இடைத்தேர்தலைப் பார்ப்பேன். அதிலும் யார் வென்றார் என்பதைவிட, மூன்றாம் இடத்துக்குப் போனவரின் வாக்குகள் எங்கே போயின என்பதைப் பார்ப்பேன். ஆட்சி யாருக்கு என்று அறிய, ஒன்றுக்கு மேற்பட்ட எம்.ஆர்.பி.க்களை அருகருகே வைத்துப் பார்ப்பேன். தேசிய விகிதக் கணிப்பில் ஆறு மாதத் திசையைத் தவிர வேறெதையும் தேட மாட்டேன். வெஸ்ட்மின்ஸ்டர் அரசியல்வாதிகளின் உலகமோ இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. 2022 செப்டம்பரில், லிஸ் ட்ரஸ்ஸின் வரவுசெலவு அறிவிப்புக்குப் பின், தொழிற்கட்சி 33 புள்ளிகள் முன்னே என்று வந்த யூகவ் கணிப்பு ஆளுங்கட்சி உறுப்பினர்களின் கலக்கத்தைப் பன்மடங்காக்கியது. அடுத்த மாதமே அவர் போனார். தெரசா மே அதே கருவியை எதிர்த்திசையில் நம்பியவர். 2017 ஏப்ரலில் சில கணிப்புகள் 20 புள்ளிகளுக்கு மேல் முன்னிலை காட்டிய நிலையில், கையில் பெரும்பான்மை இருந்தும், மூன்றாண்டு முன்கூட்டியே தேர்தலை அறிவித்தார். ஜூன் 8 இரவு 10 மணிக்கு எக்ஸிட் போல் திரையில் அவரது கட்சிக்குக் காட்டிய எண் 314. பெரும்பான்மைக்கு வேண்டியிருந்தது 326.