மூன்று பாட்டில் சாயம், ஒரு பொட்டலம் சோடா: ஜாக்கார்ட் டை-டை கிட்

கட்டுவதற்கும் டை, சாயத்துக்கும் டை. துணியை முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும், தமிழில் எழுதினால் இரண்டு டையும் ஒன்றாகிவிடும் இந்த வேலைக்கு விற்கும் பெட்டிகளில் பாதி, பன்னிரண்டு நிறம், பதினெட்டு நிறம் என்று எண்ணிக்கையைக் காட்டியே ஆளை இழுக்கும். அமெரிக்க ஜாக்கார்ட் நிறுவனத்தின் பெட்டியில் மூன்றே நிறம்தான்: எலுமிச்சை மஞ்சள், நம்மூரில் ராணி கலர் என்கிற ஃபுஷியா, டர்க்காய்ஸ் நீலம். பொடி ஏற்கெனவே பாட்டிலுக்குள் இருக்கிறது. கூடவே ஒரு சோடா பொட்டலம், ரப்பர் பேண்டு, கையுறை. பார்க்கச் சப்பையாக இருந்தாலும் வாங்க வேண்டியது இதைத்தான். சோடா தனிப் பொட்டலமாக வருவதே அதற்குக் காரணம்.

இது புரோசியான் எம்எக்ஸ் வகைச் சாயம். இங்கிலாந்தின் ஐசிஐ ரசாயன நிறுவனம் 1956-ல் சந்தைக்குக் கொண்டுவந்த குடும்பம். பருத்தி இழையின் மேல் பூச்சாகப் படியாமல் இழையோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடும். அடுப்பு வேண்டாம், அறைச் சூடு போதும். ஆனால் காரம் (அல்கலி, இங்கே அந்தச் சோடா) இருந்தால்தான் பிணையும். டியூலிப் ஒன்-ஸ்டெப் போன்ற கிட்களில் காரத்தைப் பொடியோடேயே கலந்து தருகிறார்கள். தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் வேலை தொடங்கிவிடலாம். பிறந்தநாள் விழாவில் இருபது பிள்ளைகளை மொட்டை மாடியில் உட்காரவைத்து ஒரே மூச்சில் முடிப்பதற்கு அதுவே வசதி. சிக்கல் என்னவென்றால், காரம் உள்ளே இருப்பதால் சாயம் துணிக்காகக் காத்திருக்காது. பாட்டிலில் இருக்கும் தண்ணீரோடேயே வினைபுரிந்து வீணாகிக்கொண்டிருக்கும். மதியம் கரைத்து மறுநாள் எடுத்தால் நிறம் பார்க்க அப்படியே இருக்கும், துணியில் பிடிக்காது. ஜாக்கார்டில் காரம் துணிக்குப் போகிறது, பாட்டிலுக்கு இல்லை. கரைத்த சாயம் ஒரு வாரம்வரை உயிரோடு இருக்கும். சித்திரை வெயிலில் அதைவிடச் சீக்கிரமே மங்கும். ஃபிரிட்ஜில் வைப்பதானால் பெரிய எழுத்தில் 'சாயம்' என்று ஒட்டி வையுங்கள். மஞ்சள் பாட்டில் பார்ப்பதற்கு மாம்பழ ஜூஸ்தான்.

சோடா விஷயத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். வேண்டியது சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட். லிட்டருக்கு 60 கிராம் என்பது கணக்கு. பொட்டலம் தீர்ந்த பிறகு சமையலறை ஆப்பச் சோடாவைப் போட்டால் ஆகாது. அறைச் சூட்டில் அதன் காரம் போதாமல் எல்லாம் வெளிறிப்போகும். மளிகைக் கடைத் துணி சோடா அதே சரக்குத்தான், ஆனால் கண்ணாடிக் கல்போல இருக்கும் படிகத்தில் எடையில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும் அளவு தண்ணீர். சரியாகச் சொன்னால் 63 சதவீதம். ஆகவே 60 கிராம் தூளுக்குப் பதில் படிகமாக 160 கிராம் போட வேண்டும். இந்தக் கணக்குத் தெரியாமல் 60 கிராம் படிகம் போட்டுவிட்டு, கிட் மட்டம் என்று ஒரு ஸ்டார் கொடுப்பவர்கள் உண்டு. போர் தண்ணீரில் சோடா கரைத்தால் பால்போலக் கலங்கும். அது தண்ணீரிலுள்ள கால்சியம். சாயம் கரைக்கவாவது ஆர்ஓ தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

துணிக்கு வருவோம். நூறு சதவீதப் பருத்தி மட்டும். 'காட்டன்' என்று சொல்லி விற்கிற டி-ஷர்ட்டில் பாலியஸ்டர் கலந்திருந்தால் கலந்த அளவுக்கு நிறம் வெளிறும். ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள்: பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணிபோல இறுகும். அசல் பருத்தியானாலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். கழுத்து, கை ஓரத் தையல் வெள்ளையாக நிற்பது கிட்டின் குற்றமில்லை. புதுத் துணியைச் சுடுதண்ணீரில் சோப்புத் தூள் போட்டுத் துவைத்துக் கஞ்சியையும் கம்பெனி மெருகையும் எடுத்துவிட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சாமல் முத்தாக நின்றால் இன்னொரு துவையல்.

சோடா தண்ணீரில் 15, 20 நிமிடம் ஊறவைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்த ஈரத் துணியைத்தான் மடிக்க வேண்டும். சுருள் டிசைனுக்கு நடுவில் முள்கரண்டியைக் குத்தித் திருகி, அடை அளவு வட்டமாக்கி, மூன்று ரப்பர் பேண்டை நட்சத்திரமாகப் போட்டால் ஆறு துண்டு கிடைக்கும். ரப்பர் பேண்டு சுருளுக்குச் சரி. பொட்டுப் பொட்டாக வெள்ளை வேண்டுமானால் பூக்கட்டும் நூல்தான். புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியில் அத்தனை சின்னப் புள்ளி கூர்மையாக நிற்பது, நூலை நெருக்கிச் சுற்றி இறுக்குவதால். ரப்பர் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அந்த இடுக்கில் சாயம் கசிந்து புள்ளி கலங்கிவிடும்.

பாட்டில் மூக்கை மடிப்புக்குள் நுழைத்து அழுத்துங்கள். மேலே தூறினால் மேல்தோல் மட்டும்தான் நனையும். மடிப்பை லேசாகப் பிரித்து, உள்ளே வெள்ளை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஊற்றுவது நல்லது. அடியில் குட்டை கட்டினால் நிறுத்திவிட வேண்டும், அந்தக் குட்டைதான் பின்பக்கத்தைச் சேறாக்கும். கீழே கம்பித் தட்டு வைத்தால் வழிந்தது வழிந்துபோகும். மஞ்சள், ஃபுஷியா, டர்க்காய்ஸ் மூன்றும் எந்த வரிசையில் பக்கம் பக்கம் வந்தாலும் ஆரஞ்சு, ஊதா, பச்சை என்று நல்ல நிறம்தான் பிறக்கும். பதினெட்டு நிறப் பெட்டியில் பச்சையும் சிவப்பும் உரசிக்கொண்டு பழுப்பாகிற தொல்லை இதில் குறைவு. கலவை செய்யும்போது ஃபுஷியாவைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள், அதன் கை ஓங்கிவிடும். டிஷ்யூ பேப்பரில் ஒரு துளி விட்டால் ஏறக்குறைய நிறம் தெரிந்துவிடும். நல்ல கறுப்பு மட்டும் இந்த மூன்றிலிருந்து வராது, அதைத் தனியாக வாங்க வேண்டியதுதான்.

ஊதாவில் ஒரு வேடிக்கை. ஃபுஷியா சட்டென்று பிடித்துக்கொள்ளும் சாயம், டர்க்காய்ஸ் பெரிய மூலக்கூறு, ஆடி அசைந்துதான் வரும். இரண்டையும் கலந்து விட்டால் நடுவே ராணி கலர் நின்றுவிட, நீலம் மேலும் நகர்ந்து ஓரத்தில் ஒளிவட்டம் கட்டும். பலருக்கு அது பிழை. அந்த விளிம்புக்காகவே இந்தக் கிட்டை வாங்கலாம் என்பது எங்கள் கட்சி.

ஊற்றி முடித்ததும் பாலிதீன் கவரில் கட்டி வையுங்கள். காய்ந்தால் வினை நின்றுபோகும். சென்னைச் சூட்டில் ஓர் இரவு போதும். ஊட்டி, கொடைக்கானல் என்றால் முழு நாளும் அதற்கு மேலும் விட வேண்டும், குறிப்பாக டர்க்காய்ஸுக்கு. பிறகு அலசுவதில் வரிசை முக்கியம். முதலில் கட்டோடு பச்சைத் தண்ணீரில் சோடா போகும்வரை, அப்புறம் கட்டைப் பிரித்து மறுபடி பச்சைத் தண்ணீர், கடைசியாகக் கை பொறுக்காத சுடுதண்ணீரில் சோப்புத் தூளோடு இரண்டு மூன்று முறை. சோடா இருக்கும்போதே சுடுதண்ணீரில் போட்டால் உதிர்கிற சாயம் வெள்ளையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெறும் பச்சைத் தண்ணீரோடு விட்டால் பிணையாத டர்க்காய்ஸ் வாரக்கணக்கில் அடுத்த துணிகளில் இறங்கும்.

குறை சொல்லாமல் விடுவதற்கில்லை. கூட வரும் கையுறை மெல்லியது, மருந்துக் கடையில் ஒரு ஜோடி நல்லது வாங்கிக்கொள்ளுங்கள். சோடா தண்ணீரே தோலை அரிக்கும். பெட்டியில் போட்டிருக்கும் 15 பெரிய டி-ஷர்ட் என்ற கணக்கு, வெள்ளையை நிறைய விட்டால்தான் எட்டும். சுருளை முழுக்க நனைப்பவர்கள் பாதியோடு திருப்திப்பட வேண்டும். பாட்டிலிலேயே பொடி வருவதால் தூசி பறப்பது குறைவு என்பது பெரிய நல்லது. இந்தத் தூள் மூச்சில் போய்ப் போய் ஆஸ்துமா ஒவ்வாமை வரக்கூடும். தீர்ந்த பிறகு தனிப் பொடி வாங்கி நிரப்பினால் முகமூடி கட்டாயம். ஈரோடு, கரூர், திருப்பூர் சாயக் கடைகளில் 'கோல்டு பிராண்டு' (cold, தங்கமில்லை) ரியாக்டிவ் சாயம் என்று கேளுங்கள், 'ஹாட் பிராண்டு' அறைச் சூட்டில் பிடிக்காது. அளவுக்கரண்டியும் கிண்ணமும் திரும்ப அடுக்களைக்குப் போகக் கூடாது.

மிச்சமான சோடா தண்ணீர் கெட்டுப்போகாது. மூடி போட்ட வாளியில் அடுத்த ஞாயிற்றுக்கிழமைவரை இருக்கட்டும். கொட்டுவதானால் சாக்கடையில். மாடியில்தானே வேலை என்று துளசித் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.