92,000 ரூபாய்க்கு ஒரே ஓட்டை: பழைய ஏர் ரைபிள் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

நேற்று மாலைதான் அந்தக் கடையோடு கடைசியாகப் பேசினேன். ராத்திரி தூக்கமில்லை. கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. புதுசும் பழசுமாகப் போட்டி ஏர் ரைபிள் விற்று, சர்வீஸும் பார்க்கிற கடை. போனது 92,000 ரூபாய்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் பத்தாவது படிக்கிறாள், இரண்டு வருடமாக 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். இதுவரை ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், இருக்கிற பொது ரைபிள்தான். கன்னத்தைச் சாய்க்கிற கட்டையை ஆளாளுக்கு மாற்றி வைப்பார்கள், இவள் முறை வரும்போது பாதி நேரம் அதைச் சரிசெய்வதிலேயே போய்விடும். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. நானாகத்தான் தேடினேன். புதுசு விலையைக் கேட்டுவிட்டுப் பழசுக்கு வந்தேன்.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் வைத்திருப்பவரின் மகன் சுட்டது, பையன் வெளிநாடு போய்விட்டான், பெட்டியிலேயே கிடந்தது என்றார் கடைக்காரர். சரி, அதுகூடப் பரவாயில்லை, எல்லாப் பழைய சாமானுக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். என்னைச் சாய்த்தது அடுத்து நடந்தது. கடைக்குப் பின்னால் 10 மீட்டர் அளந்து இடம் வைத்திருக்கிறார். மணல் பையில் ரைபிளைச் சாய்த்து, இலக்குக் கார்டு மாட்டி, என் கண் முன்னால் கடகடவென்று ஐந்து பெல்லட் (ஈயக் குண்டு) சுட்டார். ஐந்தும் ஒரே ஓட்டை. கார்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, "பார்த்துக்குங்கண்ணா, இதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்றார். அந்தக் கார்டைப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டி வெள்ளி வந்தால் ஓரத்தை வெட்டி டச்சு (வெள்ளியின் தரம்) பார்க்காமல் உலையில் போடாதவன் நான். அன்றைக்கு 20,000 போனில், 72,000 கையில், மொத்தம் 92,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். பில் கேட்டதற்கு, "20 ஜூலுக்குக் கீழ இருக்கிற ஏர் ரைபிளுக்கு லைசென்ஸே வேண்டாங்க, பில் எதுக்கு?" என்று ஒரு கச்சாச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மைதான். அதற்கும் பில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

முதல் வாரமே குரூப் கட்டவில்லை, பெல்லட்டெல்லாம் ஒரே இடத்தில் விழவில்லை. நான்கு பெல்லட் ஒட்டி விழும், ஐந்தாவது மேலே ஏறி நிற்கும். பக்கவாட்டில் அதிகம் விரியாது. கொலுசுச் சங்கிலியைத் தொங்கவிட்ட மாதிரி மேலும் கீழுமாகத்தான். இந்த விளையாட்டில் 10 என்கிற புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர், அடுத்தடுத்த வளையத்துக்கு இடையே 2.5 மில்லிமீட்டர். புள்ளியைத் தசமத்தில் எண்ணுவதால், இரண்டு மில்லிமீட்டர் ஏறினாலே 10.5 வரவேண்டியது 9.7 ஆகிவிடும்.

கடைக்குப் போன் செய்தேன். "பாப்பா கை இன்னும் புது ரைபிளுக்குச் செட் ஆகலைங்கண்ணா. மூச்சைக் கவனிக்கச் சொல்லுங்க." அடுத்த தடவை, பெல்லட் சரியில்லை என்று மூன்று டப்பா கொடுத்தார். அதற்கு 4,200 தனி, 92,000-இல் சேராது. மூன்றாவது தடவை சொன்னதுதான் உச்சம்: ஏற்காட்டுக் குளிரில் இருந்த ரைபிள், சேலம் வெயிலுக்குப் பழக நாளாகும், அதோடு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்திருக்கிறது, குலுங்கியிருக்கும். நானும் தலையாட்டினேன்.

இதில் என்னால் தாங்க முடியாதது வேறு. "அப்பா, கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துட்டுச் சுடுற மொதப் பெல்லட்தான் மேல போகுது" என்று இரண்டாவது வாரமே அவள் சொன்னாள். "ரைபிளைக் குறை சொல்லாதே, மூச்சைப் பிடி" என்று அதட்டினேன். இரண்டு மாதம் அந்தக் குழந்தை தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டே சுட்டிருக்கிறாள்.

கடைசியில் ரேஞ்சுக்கு வரும் ஒரு பெரியவர்தான் உட்கார்ந்து பார்த்தார். ரைபிளின் மரக்கட்டையைப் பிடிக்கும் திருகுகள் இறுக்கமாகவே இருந்தன. குறி பார்க்கிற பின் சைட் ஆடவில்லை. குழலைத் துடைத்தோம். பெல்லட்டை நானே பட்டறைத் தராசில் நிறுத்தேன். ஐம்பது எடுத்ததில் 4 மில்லிகிராமுக்கு மேல் வித்தியாசமில்லை. அப்புறம் ரைபிளை வைஸில் கவ்விக்கொண்டு, வேகம் பார்க்கிற கருவியை முன்னால் வைத்தார். தொடர்ந்து சுட்டபோது விநாடிக்கு 171, 172, 170, 171 மீட்டர். "இப்ப டீ குடிச்சிட்டு வரலாம்" என்றார். திரும்பி வந்து சுட்டது 183.

ரெகுலேட்டர் கசிகிறது. ரைபிளின் காற்றுச் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் வரை காற்று இருக்கும். அதைக் குறைத்து ஒரே அளவாக விடுவதுதான் ரெகுலேட்டர் வேலை. உள்ளே அடைப்பு தேய்ந்துவிட்டால் ரைபிள் சும்மா இருக்கும்போதும் காற்று மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும், அடுத்த பெல்லட் வேகமாகப் போய் மேலே விழும். கடகடவென்று சுட்டால் ஏற நேரமில்லை, குறை தெரியாது. போட்டியில் 75 நிமிடத்தில் 60 பெல்லட். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரே மாதிரியா இருக்கும்? கடைக்காரர் எதற்காக அவ்வளவு அவசரமாகச் சுட்டார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சுவரில் இருந்த கார்டைக் கிழித்துப் போட்டேன்.

அதோடு முடியவில்லை. சிலிண்டரில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரைப் பெரியவர் உரித்தார். அடியில் தயாரிப்பு வருடம், 2011. இந்தச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பவர்கள் கொடுக்கிற காலம் பொதுவாக 10 வருடம். காலம் கடந்ததை வைத்துக்கொண்டு 200 பார் காற்றுக்குப் பக்கத்தில் என் மகள் கன்னத்தைச் சாய்த்திருக்கிறாள்.

கடைக்குச் சொன்னால், டெக்னீஷியன் கோயம்புத்தூர் போயிருக்கிறார். அடுத்த வாரமும் கோயம்புத்தூரிலேயே இருந்தார். நேற்று எடுத்தவர், "பழசுன்னு தெரிஞ்சுதானே வாங்கினீங்க சார்" என்று வைத்துவிட்டார். அதுவரை நான் அண்ணா, நேற்றிலிருந்து சார்.

விவரமாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், பொறுமை இல்லை. ஐந்து பெல்லட் சுட்டுக் காட்டினால் ஐந்து நிமிடம் காத்திருந்து ஆறாவதைச் சுடச் சொல்லுங்கள். ஸ்டிக்கரை உரித்துச் சிலிண்டர் வருடத்தைப் பாருங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். நான் இந்தக் கச்சாச் சீட்டை வைத்துக்கொண்டுதான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவேண்டியிருக்கிறது, 92,000 ரூபாய்க்கு. முக்கியமாக, பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பெற்றோர் குழுவில் அந்தக் கடை இன்னொரு ரைபிள் படம் போட்டிருக்கிறது. "எஸ்டேட் ஓனர் யூஸ் பண்ணது, சிங்கிள் ஹேண்ட்." சிலிண்டரில் அதே இடத்தில் ஸ்டிக்கர்.